ரேகாவின் மாட்டுக்கொட்டாயும் நாலாயிரம் மணி நேரமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் செல்போனைக் கண்டாலே ஆகாது. பலமனேருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் மையத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பாலை அளந்து, கொழுப்புப் பார்க்கிறேன். விடிந்தும் விடியாததுமாக வரிசை நிற்கும். ஒரு கையில் பால் கேன், இன்னொரு கையில் போன். பாலைச் சிந்தினாலும் சிந்துவார்களே தவிர, போனிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்கள். "போனைப் பையில வெச்சாத்தான் ஃபேட் பார்ப்பேன்" என்று சத்தம் போட்டுப் போட்டு என் தொண்டைதான் கட்டிப்போனது. இந்த ஊரில் விஜயராகவன் என்றால் யாருக்கும் தெரியாது, சிடுமூஞ்சி சார் என்றால் சின்னக் குழந்தையும் வழி காட்டும்.

அப்படிப்பட்ட நான் ஒரு யூடியூப் சேனலைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் ரேகா.

ரேகாவுக்குப் பிறந்த ஊர் நகரி. வீட்டில் பவர்லூம். பத்தாவது வரை தமிழில்தான் படித்தாள். தெலுங்கு சரளமாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவாள். எங்கள் ஊர்ப் பழனியைக் கட்டிக்கொண்டு வந்தபோது மாட்டைக் கண்டால் நாலடி தள்ளி நிற்பாள். பழனி தக்காளி லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் நாலு நாள் கோயம்பேட்டுப் பாதையில் இருப்பான். வீட்டில் ஐந்து மாடு. வேறு வழி இல்லாமல் அவளேதான் கற்றுக்கொண்டாள். பால் மையத்து வரிசையில் நிற்கிற ஒருவரையும் விட மாட்டாள். "அக்கா, மடி ஏன் கல்லு மாதிரி கீது?" "அண்ணா, சினை நின்னுச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். என்னையும் விட்டதில்லை. நான் எரிந்து விழுந்தால், "திட்டிட்டுச் சொல்லுங்க சார், நான் நிக்கிறேன்" என்பாள். அப்புறம் எப்படிச் சொல்லாமல் இருப்பது.

ஆறு வருஷத்தில், ஈன்று நாலாம் நாள் மாடு படுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று பெரிய விவசாயிகளே அவளிடம் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு பொங்கல் கழிந்த வாரம், தனக்கு நேர்ந்த தவறுகளையெல்லாம் வீடியோ எடுத்துப் போடப்போகிறேன் என்றாள். சேனலுக்கு 'ரேகா மாட்டுக்கொட்டாய்' என்று பெயர்.

பழனி கெட்டவன் இல்லை. ஆனால் கணக்காகப் பேசுகிறவன். ஐந்து மாட்டுப் பாலில் தீவனம் போகக் குடும்பம் ஓடவில்லை. சித்தூரில் அவன் சொந்தக்காரர் ஒருவரின் ஜவுளிக் கடையில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. அவள் அங்கே போனால் மாட்டைப் பார்க்க ஆள் இல்லை, விற்றுவிட வேண்டியதுதான். அதனால் ஒரே ஒரு கெடு வைத்தான். "அடுத்த கனுமா வரைக்கும் பாரு. அதுக்குள்ள இந்த வீடியோவுக்கு காசு வர்ற வழி ஆவலன்னா, மாட்ட வித்துட்டு கடைக்குப் போயிடணும். அப்புறம் பேச்சு கிடையாது." அவளும் சரியென்று ஒப்புக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் கனுமா என்றால் மாட்டுப் பொங்கல்.

காசு வர வழி ஆக யூடியூபில் ஒரு சட்டம் உண்டு. ஆயிரம் பேர் சேனலில் சேர வேண்டும். ஒரு வருஷத்துக்குள் ஜனங்கள் அந்த வீடியோக்களைப் பார்த்த நேரம் மொத்தமாக நாலாயிரம் மணி நேரம் ஆக வேண்டும். இதை அவள் என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "மாட்டுச் சாணியை நாலாயிரம் மணி நேரம் எவன்மா பார்ப்பான்?" என்றேன். "மாடு வெச்சிக்கிறவன் பார்ப்பான் சார்" என்றாள்.

முதல் இரண்டு மாசம் ஒருவனும் பார்க்கவில்லை. பதினேழு பேர், இருபத்திரண்டு பேர், அதில் பாதித் தடவை அவளே பார்த்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கட்டுரை ஒப்பிப்பது போல, "அன்பார்ந்த கால்நடை வளர்ப்போரே" என்று ஆரம்பிப்பாள். எனக்கே கொட்டாவி வந்தது. ஒரு நாள் அப்படி ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது கறுப்பி என்கிற மாடு ஓங்கி ஓர் உதை விட்டு, கறந்த பால் முழுக்கத் தரையில். "அடி பாவி, இன்னாடி வேணும் உனக்கு, நேத்து நல்லாத்தானே இருந்த" என்று அவள் அதைத் திட்டி, திட்டிக்கொண்டே மடியைத் தடவி, காம்பில் கீறல் இருப்பதைக் கண்டுபிடித்து, "ஐயோ, வலிச்சுதா கண்ணு, நான்தான் பாக்கல" என்று மஞ்சள் வைத்தாள். அதை அப்படியே போட்டாள். மூவாயிரம் பேர் பார்த்தார்கள்.

அன்றோடு பட்டுப்புடவையும் ஒப்பித்தலும் ஒழிந்தன. அதன் பிறகு அவள் வேலை செய்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். எந்த நொடியில் ஜனங்கள் வீடியோவை விட்டுப் போகிறார்கள் என்று போனில் ஒரு கோடு காட்டுமாம். தினமும் அந்தக் கோட்டைப் பார்ப்பாள். தன் முகம் வந்தால் போகிறார்கள், மாட்டின் முகம் வந்தால் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் தன் முகத்தை எடுத்துவிட்டாள். எந்தப் பெண் செய்வாள் இதை? ஆண்பிள்ளை எவனாவது செய்வானா? பகல் ஒன்றரை மணிக்குத்தான் வீடியோ போடுவாள். காலைக் கறவை முடிந்து, சாப்பிட்டு, சாயங்காலக் கறவைக்கு முன்னால் மாடு வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் காலை நீட்டுகிற நேரம் அதுதான். கீழே கேள்வி எழுதுகிற ஒவ்வொருவருக்கும் பதில் போடுவாள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதி, மாட்டு டாக்டரிடம் கேட்டு மறுநாள் மறுபடி எழுதுவாள். வேலூர், குடியாத்தம், திருப்பத்தூர் என்று தமிழ்ப் பக்கத்திலிருந்து ஆள் சேர்ந்தார்கள். தெலுங்கில் எழுதுகிறவர்களும் வந்தார்கள். அதையெல்லாம் பால் மையத்துக்குக் கொண்டுவந்து என்னைப் படிக்கச் சொல்வாள். சிடுமூஞ்சி சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போனைப் படிக்கிறான் என்று வரிசையே சிரித்தது. சிரிக்கட்டும்.

புரட்டாசி முடிவில் ஆயிரத்து நூறு பேர் சேர்ந்திருந்தார்கள். மணி நேரம்தான் எண்ணூறைத் தாண்டவில்லை. கனுமாவுக்கு மூன்று மாசம்கூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தக்காளி விழுந்தது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விலை விழுந்தால் பறிக்கிற கூலிகூட வராது. மார்க்கெட் ரோட்டு ஓரமெல்லாம் சிவப்பாகக் கொட்டிக் கிடக்கும், மாடுகள் பூந்து துன்னும். பழனி லாரியில் ஏற்றிய சரக்கில் முப்பது பிளாஸ்டிக் கிரேட்டை வாங்க ஆளில்லாமல் வீட்டிலேயே இறக்கிவிட்டான். ரேகா ஒரு தட்டுத் தக்காளியைத் தவிட்டோடு கலந்து கறுப்பிக்கு வைத்து அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். நான் தீவன மூட்டைக்குச் சீட்டுக் கொடுக்கப் போனவன், சும்மா இருந்தேனா?

"ஒரு தட்டைக் காட்டினா எவன் பார்ப்பான்? முழு கிரேட்டையும் கொட்டும்மா. கண்ணைப் பறிக்கணும்" என்றேன்.

"அவ்ளோ துன்னா வயிறு கெட்டுடும் சார்."

"துன்ன விடுவேனா? படத்தை எடுத்துட்டு அள்ளிடலாம்."

அவள் யோசித்தாள். நான் கிரேட்டைத் தூக்கி மாட்டின் முன்னால் கவிழ்த்தே விட்டேன். பழுத்த தக்காளி உருண்டு வந்தது, கறுப்பி வாயை வைத்தது, சாறு தாடையில் வழிந்தது. இருபது நொடி எடுத்தாள். உடனே இரண்டு பேருமாக அள்ளிக் கூடையில் போட்டோம். 'தீவனச் செலவே வேண்டாம், தக்காளி போதும்' என்கிற தலைப்பும் நான் சொன்னதுதான். பால் கணக்கு எழுதப் பேனா பிடித்தவன் என்கிற திமிர்.

எட்டு நாளில் நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். சேர்ந்தவர்கள் ஒன்பதாயிரம். மணி நேரம் ஐயாயிரத்தைத் தொட்டது. நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பழனிகூட லாரியை நிறுத்திவிட்டு வந்து, "சார், ஆயிடுச்சா?" என்று கேட்டான். "ஆயிடுச்சுப்பா, மனு போடுற பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி" என்றேன். வெள்ளிக்கிழமை அமுக்கலாம் என்று ரேகா சொன்னாள்.

வியாழக்கிழமை காலையில், சேனலில் அவள் போட்டிருந்த நம்பருக்கு ஒரு போன் வந்தது. பேர்ணாம்பட்டுக்குப் பக்கத்து ஊர், செங்கம்மா என்று பெயர். இருப்பது ஒரே மாடு. பக்கத்து வீட்டுப் போனில் வீடியோவைப் பார்த்துவிட்டு, ஒரு கிரேட் தக்காளியை மாட்டுக்குக் கொட்டியிருக்கிறாள். மாடு எழுந்திருக்கவில்லை.

ரேகா பால் கேனைப் போட்டது போட்டபடி கிளம்பினாள். நானும் போனேன். வி.கோட்டா போய், பஸ் மாறி, காட்டு ரோட்டில் இறங்கிப் போய்ச் சேரப் பகல் ஆகிவிட்டது. டாக்டர் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வயிறு புளித்து விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, இனி அதன் பாடு என்று சொன்னாராம். மூன்று மணிக்கு மாடு செத்துப்போனது.

செங்கம்மா திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு, ரேகாவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அதே தக்காளிதானேம்மா. உன் மாடு மட்டும் எப்படி நல்லா கீது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சமாளிக்கிற மாதிரி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். மருந்தடித்த தக்காளியாக இருக்கும், அரைப்பழமாக இருக்கும் என்று சொல்ல ஆயிரம் இருந்தது.

"என் மாடு துன்னலக்கா" என்றாள் ரேகா. "படம் எடுக்கறதுக்கு கொட்டினோம். எடுத்துட்டு அள்ளிட்டோம். அதை நான் உங்களுக்குக் காட்டல."

 செங்கம்மா கயிற்றோடு வீட்டுக்குள் போய்விட்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் வீடியோவை எடுத்துவிடப் போவதாக ரேகா சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடியோவை எடுத்தால் அதை ஜனங்கள் பார்த்த மணி நேரமும் கணக்கிலிருந்து போய்விடும், மறுபடி எண்ணூறுதான். "கீழே ஒரு எச்சரிக்கை எழுதிடும்மா, போதும். நாளைக்கு மனு போட்டுட்டு அப்புறமா எடு" என்று கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "நாளைக்குள்ள எத்தினி மாடு துன்னும் சார்?" என்றாள்.

அந்த நிமிஷமே தலைப்பை 'இப்படிப் போடாதீங்க, மாடு செத்துடும்' என்று மாற்றினாள். ஆனால் உடனே எடுக்கவில்லை. எடுத்தால் கீழே எழுதியவர்களுக்குச் சொல்ல வழி இல்லாமல் போய்விடும். ஆயிரத்து முந்நூறு பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். 'நானும் நாளைக்குப் போடப்போறேன் அக்கா' என்று எழுதியவர்களே அறுபது எழுபது பேர். பால் மையத்து பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினாள். தெலுங்கில் இருந்ததை நான் படித்துச் சொல்லி, நானே பதில் அடித்தேன்.  போன் நம்பர் கொடுத்திருந்தவர்களுக்குப் போனே போட்டாள். மாட்டுக்கு வயிறு ஊதியிருக்கிறது என்று ஏழு பேர் சொன்னார்கள், ஏழு வீட்டுக்கும் டாக்டர் போகிற வரை விடவில்லை. அந்த ஏழும் பிழைத்தன. சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு வீடியோவை அழித்தாள்.

அதே ஒன்றரை மணிக்குப் புதிதாக ஒன்று போட்டாள். நாலு நிமிஷம், ஒரே மூச்சில். "நான் உங்களுக்குப் பொய் காட்டினேன். பேர்ணாம்பட்டுப் பக்கம் ஒரு மாடு செத்துப்போச்சு. தக்காளியைக் கொட்டி, படம் புடிச்சு, அள்ளினது நான்." அப்படித்தான் சொன்னாள். நான் என்றுதான் சொன்னாள். பக்கத்தில் கிரேட்டைக் கவிழ்த்த கையை வைத்துக்கொண்டு நின்றவனின் பெயர் அதில் இல்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. நான் அன்றைக்கு வெட்கப்பட்ட மாதிரி ஆயுசில் வெட்கப்பட்டதில்லை. அந்த வீடியோவுக்குக் கீழே, தட்டுத் தடுமாறி என் பெயரிலேயே எழுதினேன்: 'கொட்டச் சொன்னதும் கொட்டியதும் நான்தான். விஜயராகவன், பால் மையம்.' ஊரெல்லாம் படித்தது. காலை வரிசையில் ஒரு வாரம் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேண்டியதுதான்.

பழனி லாரியிலிருந்து இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டான். "எடுத்தா போயிடும்னு தெரிஞ்சுதான் எடுத்தியா?"

"தெரிஞ்சுதான்."

"கெடு கெடுதான், ரேகா."

"நான் மாத்தச் சொல்லலையே" என்றாள்.

சேர்ந்திருந்த ஒன்பதாயிரம் பேரில் பாதிப் பேர் விலகிப் போனார்கள். திட்டி எழுதியவர்களுக்கும் பதில் போட்டாள். மிச்சம் இருந்தவர்கள் மட்டும் வீடியோவைக் கடைசி வரை பார்க்க ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் நடுவில் விழுந்துவிடுகிற கோடு இப்போது விழவில்லை என்று அவளே சொன்னாள். ஈனுகிற மாட்டுப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததை வெட்டாமல் போட்டாள். மார்கழி பூராவும் மணி நேரம் ஏறியது. ஆனால் கனுமாவுக்கு முந்தின நாள் பார்த்தால் மூவாயிரத்து அறுநூறு. நானூறு குறைவு.

கனுமா அன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, பொங்கல் வைத்தார்கள். மறுநாள் காலையில் தரகர் வருவதாக ஏற்பாடு. நான் அங்கே போயிருந்தேன், போகாமல் இருக்க முடியவில்லை. ரேகா ஐந்து மாட்டுக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்தாள்.   பழனியின் முகத்தைப் பார்த்தால் அவனுக்கும் இஷ்டமில்லை என்று தெரிந்தது. ஆனால் சொன்ன சொல்லை விழுங்குகிற ஆளில்லை அவன்.

பதினோரு மணி இருக்கும், போன் வந்தது. செங்கம்மா. ரேகாவின் முகம் வெளுத்துவிட்டது. கை பூராவும் மஞ்சளாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மகளிர் குழுவுல லோன் போட்டு மாடு வாங்கிக்கினு வந்துட்டேன்" என்றாள் செங்கம்மா. "கறவ மாடு, ரெண்டாம் ஈத்து. இன்னா போடணும், எவ்ளோ போடணும்னு சொல்லு."

ரேகா போன் பக்கம் குனிந்தாள். "என்னையா கேக்குறீங்கக்கா?"

"உன்னைத்தான். அன்னைக்கு என் மூஞ்சிக்கு நேரா உள்ளதைச் சொன்ன. வேற யாரு சொன்னாங்க? ஆனா ஒண்ணு. நீ வாயால சொல்லாத. உன் மாட்டுக்குப் போட்டுக் காட்டு. துன்னு முடிக்கிற வரைக்கும் காட்டணும். நடுவுல நிறுத்தாத. பாத்துட்டுத்தான் நான் போடுவேன்."

ரேகா கையைக் கழுவினாள். தராசை எடுத்துவந்து தவிடு, பிண்ணாக்கு, தாதுஉப்பு, சோளத்தட்டை என்று ஒவ்வொன்றையும் போனுக்கு முன்னால் நிறுத்துக் கலந்து, கறுப்பி முன்னால் வைத்தாள். போனை எதிரே நிறுத்திவிட்டுப் பக்கத்தில் குந்தினாள். கறுப்பி அவசரப்படுகிற மாடு இல்லை. மென்றது, நின்றது, ஈயை விரட்டியது, தண்ணீர் குடித்தது, மறுபடி மென்றது. நாற்பத்தேழு நிமிஷம். தொட்டியின் அடியை நக்கி முடித்த பிறகுதான் போனை எடுத்தாள். ஒரு நொடிகூட வெட்டாமல், ஒன்றரை மணிக்குப் போட்டாள்.

மாடு தீவனம் தின்பதை நாற்பத்தேழு நிமிஷம் எவன் பார்ப்பான் என்று நான் இந்தத் தடவை கேட்கவில்லை. நான் பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன். மறுநாள் காலையில் போனைத் திறந்தால், என்னைப் போல நானூறு பேர் முழுசாகப் பார்த்திருந்தார்கள். மணி நேரம் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டியிருந்தது.

தரகர் வாசலில் நின்றார். பழனி நேராக என்னிடம் வந்தான். ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தச் சேனலைத் திறந்து பார்க்காதவன். "எவ்ளோ கம்மி சார்?" என்றான்.

"நூறுக்குள்ள."

பழனி கொட்டாயை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு தரகரிடம் போய், "அண்ணா, மாடு குடுக்கிறதா இல்ல. அலைய வெச்சதுக்கு ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றான். கெடு முடிந்து ஒரு ராத்திரி ஆகியிருந்தது, அதை யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நாலாயிரம் ஆயிற்று. பால் மையத்தில் வைத்து நான்தான் முதலில் பார்த்தேன். என்னையறியாமல் சத்தம் போட்டுவிட்டேன், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அமுக்கும்மா, பொத்தானை அமுக்கு" என்று போனை நீட்டினேன். அவள் போனை வாங்கினாள். வாங்கியவள் பொத்தானை அமுக்காமல் செங்கம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மாடு நல்லா துன்னுதா? சாணி எப்படிப் போடுது?"

"கெட்டியா போடுது. நீ போட்டதுதான் போட்டேன்" என்று செங்கம்மாவின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "இப்பத்தான் கறந்து முடிச்சேன். ஆறு லிட்டர்."

ரேகா சரிக்கா என்று சொல்லிப் போனை வைத்தாள். செங்கம்மாவின் மாடு செத்தபோது அவள் அழவில்லை, வீடியோவை அழித்தபோது அழவில்லை, கனுமா அன்று ஐந்து மாட்டுக்கும் பொட்டு வைத்தபோதும் அழவில்லை. பால் கேன்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, அப்போதுதான் அழுதாள்.